பேக் டு தி ஃபியூச்சர் மூணு பார்ட்டையும் வீட்டோட உக்காந்து பாக்கலாமா, இல்ல முதல் பார்ட்டோட நிறுத்திக்கவா?

பள்ளத்தூர்_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். பிள்ளையார் நோன்புக்கு இந்த தடவ அண்ணன் குடும்பம் தங்கச்சி குடும்பம் எல்லாம் ஊருக்கு வருது, பசங்க மட்டும் ஏழு பேரு, எட்டு வயசுல இருந்து பதினாறு வரைக்கும். ராத்திரி நோன்புல இழை எடுக்குற சடங்கு முடிஞ்சதும் வளவுல (வீட்டு உள்முற்றத்துல) ஒரு வேட்டிய கட்டி ப்ரொஜெக்டர்ல படம் போடலாம்னு இருக்கேன். நான் எட்டாவது படிக்கிறப்ப காரைக்குடில வீடியோ டெக்கும் கேசட்டும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துட்டு வந்து பாத்த படம் இது, விடியறதுக்குள்ள திருப்பி பாத்துரணும்னு அடுத்தடுத்து ரெண்டு தடவ ஓட்டுனோம், டெக் சூடாகி அப்பச்சி (எங்க அப்பா) வந்து ஒயர புடுங்கி விட்டுட்டாக. அதே படத்த பசங்களுக்கு காட்டணும்னு ரொம்ப நாள் ஆசை.
ரெண்டு சந்தேகம். ஒண்ணு, டாக்குங்குற விஞ்ஞானி செஞ்ச டைம் மெஷின் கார்ல ஏறி 1985ல இருந்து 1955க்கு போன பையன் மார்ட்டி மேல அவனோட அம்மாவே ஆசப்படுதுல்ல, அப்பத்தா வேற நடுவுல உக்காந்திருக்கும், ஒவ்வொரு சீனுக்கும் என்னடா சொல்றான்னு கேக்கும், நான் என்னன்னு சொல்றது. ரெண்டாவது, பார்ட் 2, 3 தேவையா? எனக்கு பறக்குற ஸ்கேட்டிங் பலகைய தவிர ஒண்ணும் ஞாபகம் இல்ல.

சீப்புச்சீடை:
அண்ணே தாராளமா போடுங்க. நீங்க பயப்படுற அதே விஷயத்துக்குத்தான் அந்த காலத்துல டிஸ்னிக்காரங்களும் இந்த கதைய வேணாம்னு சொல்லிட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா கொலம்பியா ஸ்டுடியோக்காரங்க வேணாம்னதுக்கு காரணம் நேர் எதிர், டீனேஜ் காமெடின்னா இன்னும் கொஞ்சம் கிளுகிளுப்பு வேணும், இது ரொம்ப சைவமா இருக்குன்னு!! ரெண்டு பக்கமும் அடி வாங்குன கதை, கடைசில 1985ல அமெரிக்காவுல அதிகமா வசூல் பண்ண படமே இதுதான்.
அந்த கார் சீன்ல முத்தம் கொடுத்துட்டு அந்த பொண்ணே, அதான் அவனோட வருங்கால அம்மா, என்னவோ கூடப்பொறந்தவனுக்கு கொடுத்த மாதிரி இருக்குன்னு முகத்த சுளிக்கும் பாருங்க, அதோட அந்த விவகாரம் முடிஞ்சுது, டைரக்டர் ஜெமெக்கிஸ் அதுக்கு மேல இழுக்கல. நாங்க எங்க ஆயாவோட பாத்தோம். ஆயா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "மகன்னு தெரிஞ்சா செய்யுது, புராணத்துல இல்லாததா, நீ மேல போடு" ன்னு சொல்லிருச்சு. உங்க அப்பத்தாவ நீங்க கம்மியா எடை போடுறீங்க.

ரஸ்தாக்காரன்:
இந்த படத்தோட கதை எங்க இருந்து பொறந்துச்சுன்னு தெரிஞ்சா உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் கிடைச்சுரும். எழுதுனவர் பாப் கேல், அவர் ஒரு தடவ அப்பா அம்மா வீட்டுக்கு போனப்ப அப்பாவோட பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் கையில சிக்கிருக்கு. அப்பா அந்த வகுப்புக்கே தலைவரா இருந்தவர்னு அப்பத்தான் இவருக்கு தெரியும். நானும் இவரும் ஒரே வகுப்புல படிச்சிருந்தா ஃபிரண்டாயிருப்போமா, இல்ல இந்த ஆளு பக்கமே போயிருக்க மாட்டேனான்னு ஒரு யோசனை வந்துருக்கு. அவ்ளோதான் விதை. டைம் மெஷின் எல்லாம் பொறவு ஒட்டுனது, அதுவும் முதல்ல கார் இல்ல ஃபிரிட்ஜு, படத்த பாத்துட்டு புள்ளைங்க ஃபிரிட்ஜுக்குள்ள ஏறி மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு மாத்திட்டாங்க.
எனக்கு இது ஏன் உறைக்குதுன்னா, போன வருசம் முன்னோருக்கு படைக்கிற படைப்புக்கு பித்தளை அண்டா தேடி மேல்மாடில பழைய டிரங்கு பெட்டிய தொறந்தப்ப எங்க அப்பச்சியோட எஸ்எஸ்எல்சி குரூப் போட்டோ கிடைச்சுது. 1966. கடைசி வரிசைல மூணாவது ஆளு, காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு, சட்டைப்பையில பேனா கசிஞ்ச கறை, எல்லாரும் கேமராவ பாக்குறான் இவர் மட்டும் பக்கத்து பையன பாத்து சிரிச்சுக்கிட்டு இருக்கார். எங்க அப்பச்சி சிரிச்சு நான் பாத்ததே கம்மி சார். கணக்கு எழுதுவார், சாப்பிடுவார், படுப்பார். அந்த பக்கத்து பையன் யாருன்னு கேக்கலாம்னா அவர் போய் ஆறு வருசம் ஆச்சு.
அதனால எனக்கு முதல் பார்ட் மட்டும்தான் படம். ஜார்ஜ்ன்னு ஒரு கோழை, மரத்துல ஏறி ஜன்னல எட்டிப்பாக்குற ஆளு, அவன்தான் நம்ம அப்பான்னு மார்ட்டி பாத்து நொந்து போறான்ல, அதுதான் கதை. பார்ட் 2ல அந்த அப்பாவே இல்ல. ஜார்ஜா நடிச்ச கிரிஸ்பின் குளோவர் திரும்ப நடிக்க வரல, சம்பளத்துல ஒத்து வரலன்னு ஒரு பக்கம் சொல்வாங்க, கதையே எனக்கு பிடிக்கலன்னு அவர் சொல்வார், இவங்க வேற ஒரு ஆளுக்கு அவர் முகத்த மாதிரியே ஒட்டு போட்டு, அடையாளம் தெரியக்கூடாதுன்னு தலைகீழா தொங்க விட்டு எடுத்தாங்க. குளோவர் கேஸ் போட்டு பணம் கொடுத்துத்தான் முடிச்சாங்க. போதாததுக்கு மாறிப்போன 1985ல ஜார்ஜ் செத்துட்டார்னு ஒரு கல்லறைய காட்டிட்டாங்க. அப்பாவ தேடிப்போன கதைல அப்பாவ எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, சீட்டாட்டம் மாதிரி முடிச்சு போட்டு முடிச்சு அவுக்குறது மட்டும்தான்.

கோட்டையூர்_88:
ரஸ்தா அண்ணே போட்டோ விஷயம் மனச என்னமோ பண்ணிருச்சு, ஆனா தீர்ப்ப ஒத்துக்க மாட்டேன். அந்த முடிச்சு போடுறதுதான்ணே பசங்களுக்கு வேணும். பார்ட் 2 கடைசில மார்ட்டி திரும்ப 1955க்கே போய் முதல் படத்தோட டான்ஸ் சீனுக்கு மேல பரண்ல ஊர்ந்துக்கிட்டு இருப்பான், கீழ முதல் பட மார்ட்டி கிட்டார் வாசிச்சுக்கிட்டு இருப்பான். அத முதல் பார்ட் பாத்த மறுநாளே பாத்தாத்தான் கிக்கு. ஒரு மாசம் கழிச்சு பாத்தா ஒண்ணும் புரியாது.
பார்ட் 2ல ஒரு புஸ்தகத்த வச்சு பந்தயம் கட்டுற மேட்டர் நம்ம ஊர்ல எடுபடாது, அது வேற விசயம். ஐம்பது வருச விளையாட்டு ரிசல்ட் இருக்குற புஸ்தகம் எங்க ஐயா கையில கிடைச்சிருந்தா பந்தயமா கட்டிருப்பார்? அந்த புஸ்தகத்தையே அடமானம் வாங்கி பேரேட்டுல ஏத்திருப்பார் 😂
பார்ட் 3 கௌபாய் படம், 1885, டாக்குக்கு ஒரு டீச்சரம்மா மேல காதல், கடைசில ரயில விட்டு கார தள்ளுற சீன். 2, 3 ரெண்டும் சேத்து ஒரே மூச்சுல எடுத்து ஆறு மாச இடைவெளில 89 நவம்பர், 90 மேன்னு விட்டாங்க, ஆனா 3 தனியா நிக்கும், 2 மாதிரி மண்டைய காய விடாது. இன்னொண்ணு, முதல் பார்ட் தியேட்டர்ல வந்தப்ப தொடரும்னு போடவே இல்ல, அடுத்த பார்ட் எடுக்குற யோசனையும் அப்ப கிடையாது, வீடியோ கேசட் விட்டப்பதான் அந்த கார்டு சேத்தாங்க.

பள்ளத்தூர்_பேரன்:
அட, அந்த தொடரும் கார்ட பாத்துட்டுத்தான் நான் ரெண்டாவது கேசட் எங்கன்னு அடுத்த நாள் போய் கடைக்காரர்கிட்ட சண்ட போட்டேன், அப்ப பார்ட் 2 வரவே இல்ல போல 😅
ஒண்ணு யோசிச்சு பாத்தேன், படத்துல 85க்கும் 55க்கும் முப்பது வருசம். 2025ல இருந்து முப்பது வருசம் பின்னாடி போனா 1995, அதாவது எங்க பெரியவன் அந்த கார்ல ஏறுனா வந்து இறங்குறது நான் எஸ்டிடி பூத் வாசல்ல சில்லறைய எண்ணிக்கிட்டு நின்ன காலம். அவன் என்னய பாத்தா ஃபிரண்டு புடிப்பானான்னு தெரியல, நான் அப்ப எண்ணெய் வழிஞ்ச தலையும் பெல் பேண்டுமா இருந்தேன்.

செக்காலை_பெரியவர்:
தம்பிகளா நான் 55லயே பொறந்துட்டேன், அதனால என்னையும் சேத்துக்குங்க. அந்த பையன் அவன் ஊர்ல 55ல போய் இறங்குன நேரத்துக்கு நம்ம காரைக்குடிக்கு வந்திருந்தா வள்ளல் அழகப்பச் செட்டியார் உசுரோட இருந்திருப்பார், அவர் 57லதான் போனார். சிக்ரிங்குற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தொறந்து ரெண்டு வருசம்தான் ஆயிருக்கும், அதுக்கு முன்னூறு ஏக்கர் நிலமும் பதினஞ்சு லட்சம் ரொக்கமும் தூக்கி கொடுத்த மனுசன். தேவகோட்டை ரஸ்தாவுல ஏவிஎம் ஸ்டுடியோ மட்டும் இருந்திருக்காது, நாம் இருவர் படத்த இங்க கொட்டாய்ல வச்சு எடுத்துட்டு அதுக்கப்புறம் கோடம்பாக்கத்துக்கு கிளம்பிட்டாங்க. படத்துல அந்த பொண்ணு வீட்டுல அன்னைக்குத்தான் புதுசா டிவி வாங்கி சாப்பாட்டு மேசை பக்கத்துல தள்ளி வச்சு பாப்பாங்க, எங்க வீட்டுக்கு டிவி வந்தது 86ல.
ஒரு சந்தேகம், அந்த கார் காலத்த தாண்டுறதுக்கு மணிக்கு எண்பத்தெட்டு மைல் வேகத்துல போகணும்னு சொல்றானே அது நம்ம கணக்குல எவ்வளவு?

கோட்டையூர்_88:
நூத்தி நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஐயா. நம்ம பக்கம் ரோட்டுல அந்த வேகத்துல போனா முன்னாடியும் போக முடியாது பின்னாடியும் போக முடியாது, நேரா மேலதான்.

பள்ளத்தூர்_பேரன்:
அப்டேட். படம் போட்டாச்சு. காத்து அடிச்சு வேட்டி ஆடுனதுல படத்துல வர்ற மணிக்கூண்டு பாதி நேரம் வளைஞ்சே இருந்துச்சு, நாலு மூலைலயும் தேங்கா கட்டி தொங்க விட்டோம். மின்னல் அடிக்கிற சீன்ல டாக் அந்த ஒயர மாட்ட முடியாம தொங்குறப்ப எட்டு வயசு பொடியன் கருப்பட்டி பணியாரத்த கையில வச்சுக்கிட்டே எந்திரிச்சு நின்னுட்டான், பாகு எல்லாம் ஆத்தங்குடி கல்லுல. அப்பத்தா அம்மா மகன் விஷயத்த பத்தி ஒண்ணுமே கேக்கல, அது கேட்ட ஒரே கேள்வி "இந்த பயலுக்கு வீட்டுல சோறு போடுறவுக யாரும் இல்லையா, நாய் கூட சுத்துறான்". பெரியவன்தான் நடுவுல என்ன ஒரு மாதிரி திரும்பி திரும்பி பாத்தான், பெல் பேண்டு விஷயத்த யாரோ சொல்லிட்டாங்கன்னு நினைக்கிறேன்.
பார்ட் 2 மறுநாள் பாதி ஓடுச்சு, அதுல காட்டுன 2015ல வர்ற பறக்குற கார் எங்கன்னு சிரிச்சுட்டு, அந்த கல்லறை சீன் வந்ததும் சின்னவ அழுதுருச்சு, நிறுத்திட்டோம். பார்ட் 3 பாக்கல, தங்கச்சி குடும்பம் திருச்சிக்கு கிளம்பிருச்சு.
ரஸ்தா அண்ணே, அந்த போட்டோவ டிரங்கு பெட்டிலயே வச்சிராதீங்க, ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. எங்க மேல்மாடில பாதி ஆல்பம் கரையான் தின்னுருச்சு.

ரஸ்தாக்காரன்:
எடுத்தாச்சு தம்பி. செக்காலை பெரியவருக்கு தனியா அனுப்பிருக்கேன், பக்கத்துல நிக்கிற பையன அவருக்கு யாருன்னு தெரியுதான்னு பாக்க சொல்லி.