இளமையில் விரும்பிய பாடல்கள் வயதான பின்பும் அதே அளவுக்குப் பிடிக்குமா?

கேள்வி: சிப்புட் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவன் நான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பதினெட்டு வயதில் பிடித்த பாட்டு எண்பதிலும் பிடிக்கும் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். என் அனுபவமோ வேறாக இருக்கிறது.

இடைநிலைப் பள்ளியில் படித்த 1980களில் இளையராஜாவின் இசையைத் தவிர வேறெதையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. பேருந்து ஏறி ஈப்போவுக்குப் போய், வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, கேசட்டில் பதிந்து வாங்கி வருவோம். ஒரு பக்கம் முடியும் இடத்தில் கடைசிப் பாட்டின் சரணம் பாதியில் அறுந்துபோகும். அந்தப் பாட்டை இன்று முழுதாகக் கேட்டாலும் அதே இடத்தில் என் மனம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறது. அவ்வளவு ஊறிப்போன பாடல்களை இப்போது யாராவது போட்டால் கேட்கிறேன், தேடிப் போய்க் கேட்பதில்லை. அதற்கு மாறாக, என் தாயார் விரும்பிக் கேட்ட 1960களின் பாடல்களை, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் சௌந்தரராஜனும் சுசீலாவும் பி. பி. ஸ்ரீநிவாஸும் பாடியவற்றை, இரவு தூங்கப் போகும் முன் நானே தேடி எடுத்துப் போடுகிறேன். அந்நாளில் அவை எனக்கு அம்மாவின் பாட்டுகள், அவ்வளவுதான்.

இளமையின் இசையை மனிதர்கள் உண்மையிலேயே கடைசி வரை விரும்புகிறார்களா? அப்படியென்றால் எனக்கு நேர்ந்திருப்பது என்ன? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கிராணி மகன்

ஐயா, தங்கள் கேள்வியை ஆய்வாளர்கள் பல காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், 16 வயது முதல் 86 வயது வரையிலான 108 பேரிடம், 1932 தொடங்கி 1986 வரை புகழ்பெற்றிருந்த 28 பாடல்களிலிருந்து சிறு பகுதிகளைப் போட்டுக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். கேட்பவருக்கு ஏறத்தாழ 23, 24 வயது நடந்த காலத்தில் வெளிவந்த பாடல்களே மிகுதியாக விரும்பப்பட்டன; அதற்கு முந்தியவற்றின் மீதும் பிந்தியவற்றின் மீதும் விருப்பம் படிப்படியாகக் குறைந்தது. இது தங்கள் நண்பர்களின் பக்கம்.

தங்கள் பக்கத்துக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் க்ரம்ஹான்ஸல் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதை ஒட்டிய மாணவர்கள் 1955 முதல் 2009 வரையிலான அமெரிக்கப் பாடல்களைக் கேட்டார்கள். தம் காலத்துப் பாடல்களோடு மட்டுமல்லாமல், தம் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980களின் தொடக்கத்துப் பாடல்களோடும் அவர்களுக்கு நினைவுகள் பிணைந்திருந்தன; அவை பிடித்தும் இருந்தன. வீட்டில் பெற்றோர் போட்டுக் கேட்டது பிள்ளைகளின் மனத்திலும் படிந்துவிடுகிறது என்பதே அதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இனி என் சொந்தக் கருத்து. இந்த ஆய்வுகள் ஒரு பாட்டின் காலத்தை அது வெளிவந்த ஆண்டைக் கொண்டே கணக்கிடுகின்றன. நம் தோட்டங்களில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தமிழ்நாட்டில் ஓடி ஓய்ந்த படம் நெடுநாள் கழித்துத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டப்படும். மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியில், அதாவது இன்றைய மின்னல் எஃப்எம்மின் முன்னோடியில், பழைய பாட்டும் புதிய பாட்டும் ஒன்றாகவே வரும். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நடுப் பலகைச் சுவர் பல இடங்களில் கூரை வரை எட்டாது. முதல் வீட்டில் வானொலியைத் திறந்தால் நாலாவது வீட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பவரும் அதையே கேட்பார். கோயில் திருவிழாவின்போது ஒலிபெருக்கியில் வருவதை மறுக்க ஒருவருக்கும் வழியில்லை. ஆகவே 1962-இல் பதிவான பாட்டும் 1984-இல் தங்கள் இளமையின் பாட்டாகவே இருந்திருக்கிறது. கேசட்டில் இருந்தவை நீங்கள் தேர்ந்தெடுத்தவை. மற்றவை தேர்ந்தெடுக்காமலே உடம்பில் ஏறியவை. அவற்றில் எது பின்னாளில் மேலே வரும் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாட்டோடு யார் இருந்தார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, ஆளுக்கொரு தாமானுக்குப் பிரிந்துபோன நம்மைப் போன்றவர்களுக்கு, எல்லோரும் சேர்ந்து கேட்ட பாட்டுகளின் மீது ஏக்கம் கூடுவது இயல்பு என்றே நினைக்கிறேன்.

மறுமொழி: ஒலித்தட்டு

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் சிறப்பானது. ஆனால் எல்லாவற்றையும் நினைவின் மேல் போட்டுவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வானொலி, ஒலிபெருக்கி பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காதையும் பாருங்கள்.

வயது ஏற ஏற, முதலில் மங்குவது மேல் அதிர்வெண் ஒலிகள். மிருதங்கத்தின் கனமான அடி தெளிவாகக் கேட்கும். 'ச', 'த' போன்ற மெய்யொலிகளின் கூர்மை மழுங்கும். பல வாத்தியங்களுக்கு நடுவே பாடகரின் குரலைப் பிரித்தெடுப்பது கடினமாகும். 1960களின் திரைப்பாடல்களில் பாடுபவரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்திருக்க, குரல் முன்னால் நிற்கும்படி ஒரே தடத்தில் பதிந்தார்கள். இளையராஜா 1976-இல் திரையிசைக்கு வந்த பிறகு, வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் கிதாரும் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் அமைப்பு வளர்ந்தது. அவருடைய செழுமையே அதில்தான் இருக்கிறது. அந்தப் பின்னல் மங்கிய காதுக்கு ஒரே இரைச்சலாகப் போய்ச் சேர்ந்தால், மனம் தானாகவே எளிய பாட்டை நாடும். அதைச் சுவை மாற்றம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஐம்பதைக் கடந்தவர்கள் ஒரு முறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதற்கு முன்னால், கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, நல்ல காதணி ஒலிபெருக்கியில், அடித்தொனியைக் குறைத்து வைத்து, பழைய கேசட்டில் இருந்த பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் அவை ஈர்க்காவிட்டால் முந்திய மறுமொழியே சரி.

மறுமொழி: பேராக் அக்கா

தம்பி, ஆய்வுகளை நான் அதிகம் படித்தவள் அல்லள். என் தாயாரைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் எழுதுகிறேன். திருமணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இப்போது மறதி நோய். காலையில் சாப்பிட்டாரா என்பது மதியம் அவருக்குத் தெரியாது. என்னைச் சில நாள் தம் தங்கை என்று நினைத்துப் பேசுவார். ஆனால் சுசீலாவின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டால், இடையிசை முடிவதற்குச் சற்று முன்பே வலக்கையின் நடுவிரல் நாற்காலிக் கையில் இரண்டு முறை தட்டும், பிறகு சரணத்தின் முதல் சொல்லைப் பாடகிக்கு முன்னால் இவர் எடுத்துவிடுவார். ஒரு நாளும் அந்த இடம் தவறியதில்லை.

மருத்துவரிடம் கேட்டபோது, ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். நெடுநாள் பழகிய இசையின் நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே தேய்கின்றனவாம். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பழைய பாட்டும் நன்மை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட சோகப் பாட்டு வந்தால் அம்மா அழத் தொடங்கி, பாட்டு நின்ற பிறகும் ஓயமாட்டார்; ஏன் என்று அவரால் சொல்ல முடியாது, எனக்கும் விளங்கவில்லை. அந்தப் பாட்டை இப்போது போடுவதில்லை. சில இரவுகளில் எந்தப் பதிவிலும் இல்லாத ஒரு தாலாட்டையும் அவரே பாடுகிறார். ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) விடும் முன் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடியது என்று பெரியம்மா சொன்னார். சினிமாப் பாட்டை மட்டுமே இளமையின் இசை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தாயார் நல்ல நினைவோடு இருந்தால், அவருடைய பாட்டுகளை அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

மறுமொழி: உறுமிக்காரன்

ஐயா, அக்கா, வணக்கம். எனக்கு இருபத்தைந்து வயது, ஈப்போவில் வேலை. என் தலைமுறைக்கு இது எப்படி அமையும் என்று யோசிக்கிறேன். என் அண்ணன் 2006-இல் வந்த யோகி பி குழுவினரின் தமிழ் ராப் இசைத்தொகுப்பைப் போட்டுத் தேய்த்தார்; அதனால் அந்தப் பாடல்கள் எனக்கும் தெரியும், கிராணி மகன் ஐயா சொன்னதற்கு அது பொருந்துகிறது. அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் காதில் தனித்தனியாக மாட்டிக்கொண்டு கேட்கிறோம். என் அறைத் தோழன் என்ன கேட்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து கேட்பது என்று எங்களுக்கு எஞ்சியிருப்பது திருவிழாக் காலத்து உறுமி மேளம் ஒன்றுதான். அறுபது வயதில் எனக்கு மயிர்க்கூச்செறியப்போவது அதற்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவர்கள் சிலர் அதை வெறும் கூச்சல் என்று ஒதுக்குவது வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி: சிப்புட் வாசகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலித்தட்டு அவர்கள் சொன்னபடி நல்ல காதணி ஒலிபெருக்கி ஒன்றைத் தம்பி மகனிடம் இரவல் வாங்கிக் கேட்டேன். வயலின்கள் திரும்பி வந்தன, அது உண்மை. ஆயினும் இரவில் கை போனது பழைய பாட்டுகளுக்கே, ஆகவே இரண்டு விளக்கங்களும் எனக்குப் பொருந்துகின்றன போலும். அம்மா நல்ல நினைவோடுதான் இருக்கிறார். அக்கா, பட்டியல் எழுதும்போது எதை எதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பேராக் அக்கா

தம்பி, பாட்டின் முதல் அடியை எழுதுங்கள். படத்தின் பெயர் பிறகு தேடிக்கொள்ளலாம். பக்கத்தில், அதை யாரோடு, எங்கே கேட்டார் என்று எழுதுங்கள். கேட்க விரும்பாத பாட்டு எது என்பதையும் மறக்காமல் கேளுங்கள், காரணத்தை அவர் சொன்னால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவில் இல்லாத பாட்டுகளை அவர் குரலிலேயே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுக் களைப்படையச் செய்ய வேண்டாம். மாலைத் தேநீருக்குப் பிறகு இரண்டு மூன்று பாட்டு போதும்.