வீட்டுக் கடனுக்கு 13(2) நோட்டீஸ் வந்துவிட்டது, வீடு ஏலத்துக்குப் போகாமல் தடுக்க என்ன வழி?

நொய்யல்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அக்கா வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். திருப்பூரில் சொந்த வீடு. 2019-ல் பொதுத்துறை வங்கி ஒன்றில் 25 லட்சம் வீட்டுக் கடன், 20 வருடம், வட்டி 9 சதவீதம், மாதத் தவணை 22,493 ரூபாய். வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆர்டர் நின்று ஆளைக் குறைத்துவிட்டார்கள். ஐந்து தவணை விட்டுப்போனது. இப்போது வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார், சம்பளம் 31,000. அக்காவும் கடனில் கூட்டுக் கையெழுத்து. அக்காவின் மாமனார் ஜாமீன்.

சர்ஃபேசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்) பிரிவு 13(2) என்று போட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. 22,31,000 சொச்சத்தை 60 நாளில் கட்டச் சொல்கிறார்கள். நோட்டீஸ் தேதியிலிருந்து 18 நாள் ஓடிவிட்டது. என் கேள்விகள்: ஐந்து தவணைக்கு எப்படி முழுக் கடனையும் கேட்கலாம்? கொரோனா நேரத்தில் கொடுத்த மாதிரி அவகாசத் திட்டம் இப்போது உண்டா? கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு பைனான்ஸ்காரர், "பாக்கியை நான் கட்டுகிறேன், வீட்டுக்குக் கிரைய ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள்" என்கிறார். எதைச் செய்வது?

முன்னாள் கிளை மேலாளர் எழுதியது:

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 13(2) என்பது வீட்டை எடுத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. இந்த வழியில் வங்கி வைக்கும் முதல் அடி அது. உங்கள் கையில் இன்னும் 42 நாள் இருக்கிறது.

முழுக் கடனையும் ஏன் கேட்கிறார்கள் என்றால், தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. ஆகிவிடும். அதன்பின் ஒப்பந்தப்படி முழுத் தொகையையும் திரும்பக் கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடுகிறது. ஆனால் நோட்டீஸில் உள்ள 22.31 லட்சத்தைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு: 22,493 பெருக்கல் ஐந்து, 1,12,465 ரூபாய். அதோடு இந்த மாதத் தவணையும் அபராதக் கட்டணமும் நோட்டீஸ் செலவும் சேரும். இந்தப் பாக்கி முழுவதும் கணக்கில் விழுந்தால் கணக்கை மறுபடி ஒழுங்கான கணக்காக மாற்ற வங்கிக்கு வழி உண்டு.

"முழுவதும்" என்ற சொல்லில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு தவணையோ இரண்டு தவணையோ கட்டி, பாக்கியை 90 நாளுக்குள் கொண்டுவந்தால் என்.பி.ஏ. முத்திரையை எடுத்துவிடும் பழக்கம் பல கிளைகளில் இருந்தது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் அதை அடைத்துவிட்டது. அசல், வட்டி இரண்டிலும் நிலுவை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் தீர்ந்தால்தான் கணக்கு மேலேறும். ஆகவே 40,000 கையில் சேர்ந்ததும் ஓடிப்போய்க் கட்டிவிட்டு "பணம் கட்டிவிட்டோமே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அப்படிக் கட்டுவது நல்லெண்ணத்துக்கு உதவலாம். ஆனால் 60 நாள் கெடு அதனால் நிற்காது.

கொரோனா கால அவகாசம் 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான். அடுத்து 2020 ஆகஸ்டிலும் 2021 மேயிலும் வந்த மறுசீரமைப்புத் திட்டங்களும் முடிந்துபோனவை. அவற்றின் பெயரைச் சொல்லி "விண்ணப்பக் கட்டணம்" கேட்டு யாராவது வந்தால் அது மோசடி. இன்று இருப்பது அந்தந்த வங்கியின் சொந்த மறுசீரமைப்புக் கொள்கை. தவணைக் காலத்தை நீட்டிப்பது, சில மாதம் வட்டி மட்டும் வாங்குவது, பாக்கியை அசலில் சேர்த்துப் புதிய அட்டவணை போடுவது, இதெல்லாம் அதில் வரும். கேட்டால்தான் கிடைக்கும், கேட்டாலும் கட்டாயமில்லை.

காலத்தை நீட்டினால் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 22.3 லட்சத்தை இன்றிலிருந்து 20 வருடமாக்கினால் தவணை சுமார் 20,060. 25 வருடமாக்கினால் சுமார் 18,710. பாருங்கள், ஆண்டுக்கணக்கில் நீட்டியும் மாதம் 2,400 முதல் 3,800 வரைதான் இறங்குகிறது. வட்டி மட்டும் என்றால் மாதம் 16,700 சொச்சம். 31,000 சம்பளத்தில் 18,700 தவணை கட்டிக் குடும்பம் நடக்குமா, அக்காவுக்கு வருமானம் உண்டா என்பதை இன்றே உட்கார்ந்து பேசிவிடுங்கள். முடியாது என்று தெரிந்தால் மறுசீரமைப்பு ஆறு மாதத்தில் மறுபடி முறியும். இரண்டாவது முறை வங்கி இறங்கி வராது. அப்படியானால் நீங்களே விற்பது பற்றிக் கீழே யாராவது விவரமாக எழுதுவார்கள்.

1.12 லட்சத்தைப் புரட்ட என் கருத்தில் வரிசை இது: பி.எஃப். கணக்கில் வீட்டுக் கடனுக்காக முன்பணம் எடுக்க முடியுமா என்று பாருங்கள், அடுத்து வங்கி நகைக்கடன். கடன் எடுத்தபோது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அந்தப் பாலிசியில் வேலையிழப்புப் பிரிவு இருக்கிறதா என்றும் எடுத்துப் படியுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். பாக்கி முழுவதும் கட்டிய அன்றே கிளையில் எழுதிக் கேளுங்கள்: "கணக்கு ஒழுங்குபடுத்தப்பட்டது, இன்ன தேதியிட்ட 13(2) நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது." இந்தக் கடிதம் இல்லாமல் பழைய நோட்டீஸ் கோப்பில் உயிரோடு கிடந்தால், அடுத்த முறை ஒரு தவணை தவறும்போது அதையே எடுத்து நீட்டும் வாய்ப்பு இருக்கிறது. வசூல் முகவர் கையில் ரொக்கமாக எதுவும் தராதீர்கள். கடன் கணக்கு எண்ணுக்கே நேரே போக வேண்டும்.

பொருநை வழக்கறிஞர் எழுதியது:

மேலாளர் ஐயா சொன்னதோடு சேர்த்து, சட்டப்படி இந்த 42 நாளில் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: பிரிவு 13(3ஏ)-ன் கீழ் எழுத்து மூலம் பதில். இதை வக்கீல் இல்லாமலே எழுதலாம். நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி பெயருக்கு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். நகலைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்:

"பொருள்: கடன் கணக்கு எண் ___, தேதி ___ இட்ட 13(2) நோட்டீஸுக்குப் பிரிவு 13(3ஏ)-ன் கீழ் ஆட்சேபமும் கோரிக்கையும். வேலையிழப்பால் ___ முதல் ___ வரை ஐந்து தவணை நிலுவை. தற்போது ___ நிறுவனத்தில் பணி, சம்பளச் சான்று இணைப்பு. நிலுவை முழுவதையும் ___ தேதிக்குள் செலுத்தத் தயார். மீதிக் கடனை மறுசீரமைக்கக் கோருகிறோம். நோட்டீஸில் காட்டிய தொகையின் அசல், வட்டி, அபராதக் கட்டணம், இதர செலவு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்கு விவரம் வேண்டும்."

கடைசி வரி முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் உத்தரவுப்படி அபராதத்தை வட்டியாக ஏற்றக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போடலாம், அதன் மேல் மறுபடி வட்டி ஏறக் கூடாது. கணக்கு விவரத்தில் இது மீறப்பட்டிருந்தால் உங்கள் ஆட்சேபத்துக்குச் சரக்கு கிடைத்துவிடும்.

வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். பதில் சாதகமாக இல்லை என்பதற்காக அப்போதே டி.ஆர்.டி.க்கு, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, போக முடியாது. 60 நாள் முடிந்து, 13(4)-ன் கீழ் சுவாதீன நோட்டீஸை (வீட்டை வங்கி தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் அறிவிப்பு) வீட்டில் ஒட்டி, இரண்டு நாளிதழில் (ஒன்று வட்டார மொழியில்) விளம்பரம் செய்த பிறகே அந்த வாசல் திறக்கிறது. அது பெரும்பாலும் காகித அளவிலான சுவாதீனம்தான், நீங்கள் வீட்டிலேயே இருப்பீர்கள். ஆளை வெளியேற்றப் பிரிவு 14-ன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ வங்கி உத்தரவு வாங்க வேண்டும். அங்கே கடன் வாங்கியவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

திருப்பூருக்கு டி.ஆர்.டி. கோவையில் இருக்கிறது. 13(4) நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் பிரிவு 17 மனு போட வேண்டும். கட்டணம், கடன் 10 லட்சத்துக்கு 5,000, அதற்கு மேல் ஒவ்வொரு லட்சத்துக்கும் அதன் பகுதிக்கும் 250. உங்கள் தொகைக்கு 8,250 ரூபாய், வக்கீல் கட்டணம் தனி. மனுப் போட முன்பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் இடைக்காலத் தடை கேட்டால் "இவ்வளவு தொகையை இத்தனை வாரத்தில் கட்டு" என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் வரும். நிபந்தனை தவறினால் தடையும் போய்விடும். "கோர்ட்டில் தடை வாங்கலாம்" என்று சொன்னவர் இந்தப் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார். சிவில் கோர்ட்டுக்கு இதில் அதிகாரமில்லை, பிரிவு 34 தடுக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டாலும், டி.ஆர்.டி. இருக்கும்போது அங்கே போ என்று உச்ச நீதிமன்றம் 2010 முதல் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது.

நடைமுறையில் வங்கி தவறியிருந்தால் டி.ஆர்.டி. உண்மையிலேயே கைகொடுக்கும்: 13(3ஏ) பதில் தராதது, மதிப்பீட்டாளர் அறிக்கை இல்லாமல் ஏலத் தொகையை நிர்ணயித்தது, விற்பனைக்கு முன் 30 நாள் அவகாசம் தராதது போன்றவை. அதனால் தபால் உறையைக்கூட வீசாதீர்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது. வரும் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பும் பழக்கமும் வேண்டாம். கதவில் ஒட்டிப் பேப்பரில் போட்டால் சேர்ப்பித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். உங்களுக்கு வந்தது என்ன என்பது மட்டும் தெரியாமல் போகும்.

செலவுக்கு வழியில்லை என்றால், மனு அக்கா பெயரில் இருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், 15100-க்கு அழையுங்கள்.

பத்திர எழுத்தர் எழுதியது:

கிரைய ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

13(2) நோட்டீஸ் கிடைத்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ பிரிவு 13(13) தடை செய்கிறது. பைனான்ஸ்காரர் கேட்பது விற்பனைகூட அல்ல. கொடுக்கும் ஒன்றேகால் லட்சத்துக்கு வீட்டையே ஈடாக எழுதி வாங்கும் கந்துவட்டி முறை அது. ஒப்பந்தத்தில் விலையைக் குறைத்துப் போட்டு, பெரும்பகுதி முன்பணமாகப் பெற்றதாக எழுதிப் பதிவும் செய்துவிட்டால், அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதன்பின் நேர்மையாக வாங்க வருகிறவரும் திரும்பிப் போய்விடுவார். பவர் பத்திரம் கேட்டாலும் இதே கதிதான்.

தவணை தாங்காது என்று முடிவானால் நீங்களே விற்பதே மேல். ஏலத்தில் வாங்குகிறவர் காலி செய்யும் சிரமத்தையும் வழக்கையும் கணக்கில் வைத்துத்தான் விலை கேட்பார். வெளியில் விற்றால் அந்தக் கழிவு உங்கள் கையில் மிஞ்சும். முறை இதுதான்: வங்கியிடம் இன்றைய முழு நிலுவைத் தொகைக் கடிதமும், அவர்கள் கையில் உள்ள மூலப் பத்திரங்களின் பட்டியலும், விற்கச் சம்மதக் கடிதமும் கேளுங்கள். வாங்குபவரோடு முத்தரப்பாகப் பேசி, கடன் தொகைக்கு வங்கி பெயரில் டி.டி., மீதிக்கு உங்கள் பெயரில் டி.டி. என்று பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். வாங்குபவர் வேறு வங்கியில் கடன் போட்டால் அந்த வங்கியே நிலுவையைக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். கடன் தீர்ந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (மூலப் பத்திரத்தை ஒப்படைத்து ஈடு வைத்ததற்கான ஆவணம்) ரத்து ஆவணம் பதிவாக வேண்டும். இதை விட்டுவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய ஈடு அப்படியே நிற்கும்.

கெடு எதுவரை என்றால், ஏல அறிவிப்பு வெளியாகும் நாள்வரை. முன்பு ஏலம் முடியும்வரைகூடப் பணத்தைக் கட்டி மீட்கலாம் என்று இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அறிவிப்பு வெளியானதும் மீட்கும் உரிமை போகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. "ஏலத்துக்கு முதல் நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

நொய்யல்கரை:

மிகவும் நன்றி. கடிதத்தை நாளையே அனுப்புகிறோம். நகைக்கடனில் 80,000 வரும், பி.எஃப். பார்க்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். அக்கா மாமனாருக்கு ஊரில் தனி வீடு உண்டு, ஜாமீன் போட்டதால் அதையும் எடுப்பார்களா? வசூல் ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு போன் செய்கிறார்கள்.

பொருநை வழக்கறிஞர்:

பெரியவர் அந்த வீட்டை அடமானமாக எழுதித் தந்திருக்காவிட்டால் சர்ஃபேசியில் அதைத் தொட முடியாது. ஏலத்தில் கடன் முழுவதும் அடையாவிட்டால் மீதிக்கு வங்கி, தொகையைப் பொறுத்து டி.ஆர்.டி.யிலோ சிவில் கோர்ட்டிலோ அவர்மேலும் வழக்குப் போடலாம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், உடனடி ஆபத்து இல்லை. அவர் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திர நகலை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

போன் விஷயம்: காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவு. அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து, நேரம் குறித்து, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். ஆனால் அந்தப் புகார் 60 நாள் கெடுவை நிறுத்தாது, இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள்.

முன்னாள் கிளை மேலாளர்:

நகைக்கடன் 80,000 வந்ததும் தனியாகக் கட்டிவிடாமல், மீதியும் சேரும் தேதியைக் கிளையில் சொல்லி, அன்றைய சரியான நிலுவைத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு ஒரே நாளில் கட்டுங்கள். கெடு நெருங்கியும் மீதி சேரவில்லை என்றால் மட்டும் கையில் உள்ளதைக் கட்டிவிட்டு, மீதிக்குத் தேதி கேட்டு அதே அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஒருமுறைத் தீர்வு, ஓ.டி.எஸ். (பேசிய ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிக் கடனை முடிப்பது), என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கட்டத்தில் அதற்குப் போக வேண்டாம். அது உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல, மொத்தப் பணமும் சில மாதத்தில் புரட்ட வேண்டும், கிரெடிட் அறிக்கையிலும் "செட்டில்டு" என்று ஏறி அடுத்த கடனைத் தடுக்கும். பாக்கி தீர்ந்த மறுவாரம் கணக்கு அறிக்கை எடுத்து, நிலுவை பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் செலவாக ஒரு சிறு தொகை தனியே பற்று வைக்கப்பட்டு, கவனிக்காததால் கணக்கு என்.பி.ஏ.விலேயே நின்றுபோவது இதில் அடிக்கடி நடக்கும்.