உதவி: மொட்டை மாடி பீட்ரூட், இப்போது பிடுங்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை)
மொட்டை மாடியில் உரப்பைகளில் பீட்ரூட் போட்டிருக்கிறேன். மண், தும்புத்தூள், மாட்டெரு கலந்த கலவை. இரண்டு மாதம் தாண்டிவிட்டது. இலை நல்ல செழிப்பு, ஆனால் கிழங்கு எவ்வளவு பருத்திருக்கிறது என்று வெளியே தெரியவில்லை. விதைப் பக்கெற்றில் 60 நாள் என்று போட்டிருக்கிறது. பிடுங்கலாமா, இன்னும் விடலாமா? சில இடங்களில் இரண்டு மூன்று செடி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது? தெரிந்த அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள்.

பதில் (தெஹிவளை)
தங்கச்சி, இலையை நம்பாதீர்கள். எரு கூடினால் இலைதான் கொழுக்கும். தண்டுகள் கூடும் அடியில் விரலால் மண்ணை மெல்ல ஒதுக்குங்கள், கிழங்கின் தோள் தெரியும். முற்றும்போது அது தானாகவே மண்ணுக்கு மேலே கொஞ்சம் எழும்பும். குறுக்களவு 4 முதல் 7 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் எடுக்கலாம். நாட்கணக்கு இனத்தையும் வெயிலையும் பொறுத்து 50க்கும் 70க்கும் இடையில் முன்பின்னாகும்.

ஒட்டி நிற்பது இயல்பு. நாம் ஒரு விதை என்று ஊன்றுவது பெரும்பாலும் பல விதைகள் சேர்ந்த கொத்து. பக்கத்துச் செடியின் அடியை ஒரு கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு பெரியதை மட்டும் உருவுங்கள். மற்றவை இடம் கிடைத்துப் பருக்கும்.

பதில் (வத்தளை)
கொழும்பில் பீட்ரூட் பெரிதாகட்டும் என்று காத்திருக்கவே கூடாது என்பேன். அதற்குப் பிடித்தது 15 முதல் 20 பாகை. நுவரெலியாவுக்கு அது சரி, இங்கே பகலில் 30 பாகை. சந்தையில் பார்க்கும் அளவு வரட்டும் என்று விட்டால் நார் பாய்ந்துவிடும், எவ்வளவு அவித்தாலும் மெல்ல வராது. பெரிய தேசிக்காய் அளவு வந்ததும் ஒன்றைப் பிடுங்கி வெட்டிப் பாருங்கள். மண்ணைக் காய விடவும் வேண்டாம். காய்ந்து கிடக்கும் பையில் திடீரென்று மழை கொட்டினால் கிழங்கு வெடிக்கும்.

கேள்வி (வெள்ளவத்தை)
ஒன்றை எடுத்தேன், 5 சென்ரிமீற்றர் இருந்தது. கத்தி இலகுவாக இறங்கியது. ஆனால் சிவப்புக்கு நடுவே வெளிறிய வளையங்கள். நோயா?

பதில் (தெஹிவளை)
இல்லை, வெக்கையில் வளர்ந்தால் நிறம் அப்படிப் பிரியும், தாராளமாகச் சாப்பிடலாம். உள்ளே கறுத்து இறுகிய திட்டுகள் இருந்தால்தான் போரன் என்ற நுண்சத்தின் குறைபாடு என்று யோசிக்க வேண்டும். கத்தி இலகுவாக இறங்கியது என்றால் பருவம் சரி. அவிக்கும்போது தண்டில் இரண்டு விரல் அகலத்துக்கு விடுங்கள், அடிவேரையும் வெட்டாதீர்கள். இல்லாவிட்டால் சாயம் எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

பதில் (கொட்டாஞ்சேனை)
ஐயோ, இலையை எறிந்துவிடாதீர்கள்! பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யுங்கள். அப்புறம், நிற்கும் செடிகளிலிருந்து வெளி இலை ஒன்றிரண்டுக்கு மேல் ஒடிக்க வேண்டாம், கிழங்கு பருப்பது அந்த இலைகளால்தான்.

கேள்வி (வெள்ளவத்தை)
நன்றி எல்லோருக்கும். பெரியவற்றை நாளைக் காலை எடுக்கிறேன். ஒரேயடியாகச் சமைக்க முடியாதே, வைத்திருக்கலாமா?

பதில் (வத்தளை)
இலையோடு வைத்தால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்துவிடும், சுருங்கிப்போகும். இலையை முறித்து, கழுவாமல் மண்ணை மட்டும் தட்டிவிட்டு, பையில் போட்டு ஃபிரிஜ்ஜின் மரக்கறித் தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாங்கும்.