அப்பாவுக்குச் சீனி குறைஞ்சிட்டுது, ஆனா கால் விறைக்குது: மக்ரோபயோட்டிக் சாப்பாட்டை நிப்பாட்டவா?

வெள்ளவத்தை_மகள்:
அப்பாவுக்கு 63 வயசு. சீனி வருத்தத்துக்குப் பத்து வருஷமா மெட்ஃபோர்மின் போடுறார். தை மாசம் கனடாவில இருந்து வந்த மாமா சொல்லிக் குடுத்துட்டுப் போனதில இருந்து மக்ரோபயோட்டிக்தான், யப்பான்காரர் தொடக்கின தானியச் சாப்பாட்டு முறை. தட்டில அரைவாசிக்கு மேல தீட்டாத சிவப்பரிசிச் சோறு, மிச்சம் மரக்கறி, கொஞ்சம் பயறு, ஒரு கோப்பை மிசோ (புளிக்கவைச்ச சோயா விழுது) சூப். மீன், முட்டை, பால், தயிர் ஒண்டும் இல்லை. தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு வீட்டு வாசல் தாண்டக்கூடாது.

பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. ஏழு கிலோ குறைஞ்சு, வெறுவயித்துச் சீனி 164இல இருந்து 118க்கு வந்திட்டுது. மலச்சிக்கலும் போட்டுது. ஆனா ஒரு மாசமா ரெண்டு பாதமும் விறைச்சு ஊசி குத்துதாம். நாக்கு எரியுதாம், படி ஏறக் களைக்குதாம். கேட்டா “நஞ்சு வெளியேறுது” எண்டுறார். அம்மா பாவம், ஒரு வீட்டில ரெண்டு சமையல்.

கொட்டாஞ்சேனை_ராஜா:
சீனிக்காரருக்கு வாற கால் விறைப்புத்தான் அக்கா. சாப்பாட்டைக் குறை சொல்லாதேங்கோ.

ஓய்வுபெற்ற_தாதி:
தம்பி சொல்லுறதும் நடக்கலாம், ஆனா அப்பிடியே முடிவு கட்டிட்டு இருக்காதேங்கோ பிள்ளை. நாக்கு எரிவு, களைப்பு, விறைப்பு மூண்டும் சேர்ந்தா எனக்கு முதல் நினைவு வாறது விட்டமின் பி12. அது மீன், முட்டை, பால், இறைச்சியில இருந்துதான் வரும். ஈரல்ல சேமிப்பு இருக்கிறதால, சாதாரண ஆளுக்கு இதுகளை விட்டாலும் குறைபாடு தெரிய வருஷக்கணக்கில ஆகும். அப்பாவுக்கு அந்தச் சேமிப்பு எவ்வளவு மிச்சமோ? மெட்ஃபோர்மின் கனகாலம் போட்டா குடல் பி12ஐ உறிஞ்சுறது குறையும்.

இன்னொண்டு. கீரை கனக்கச் சாப்பிட்டா ஃபோலேட் எண்ட விட்டமின் நிறையக் கிடைக்கும். அதால பி12 குறைஞ்சாலும் இரத்தம் பார்வைக்குச் சரியா இருக்கும், நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள பழுதாகும். அதால ஹீமோகுளோபின் சரியெண்டு விடாதேங்கோ, பி12 தனியாப் பாருங்கோ. விட்டமின் குளிசை தொடங்க முதலே இரத்தம் எடுக்கவேணும். பிந்தினா நரம்பு முழுசாத் திரும்பாது. மெட்ஃபோர்மினை நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம். கிளிக்ளசைட் எண்ட மற்றச் சீனிக் குளிசையும் போடுறாரெண்டா டொக்டரிட்டச் சொல்லுங்கோ, சாப்பாடு குறைஞ்ச நேரம் சீனி சடாரெண்டு இறங்கும்.

வெள்ளவத்தை_மகள்:
கடற்பாசியிலயும் மிசோவிலயும் பி12 இருக்கெண்டு மாமா சொன்னாரே?

ஓய்வுபெற்ற_தாதி:
அதுகளை நம்பி இருக்கேலாது. பாசியில இருக்கிறதில கனக்க பி12 மாதிரித் தெரியிற வேற சாமான், உடம்புக்கு உதவாது. கொம்பு (kombu) எண்ட யப்பான் கடற்பாசியில அயடீன் மிதமிஞ்சி இருக்கு, நாங்க பாவிக்கிற உப்பிலயும் அயடீன் இருக்கு. தைரொயிட் பிரச்சினை இருந்தா கவனம். மிசோ உப்புக் கூடினது, பிரஷரையும் பாருங்கோ.

பாமன்கடை_சமையல்:
நான் ஒண்டரை வருஷம் இதில இருந்தவன். ஊருக்குக் கிட்ட விளையிறதைப் பருவம் பார்த்துச் சாப்பிடு எண்டதுதான் இதில முதல் பாடம். பிறகேன் கொழும்பில இருந்துகொண்டு யப்பான் பாசிக்குக் காசு கொட்டுறது?

மாமாவுக்கு இதைச் சொல்லுங்கோ. இந்த முறையைப் பரப்பத் தொடங்கின ஜோர்ஜ் ஒசாவா எழுதின படிகளில 7ஆம் படி வெறும் தானியம். அந்தக் கடும் வழியில போன ஒரு இளம்பெண் 1965இல அமெரிக்காவில நியூ ஜெர்சியில இறந்தே போனார். பிறகு அவரின்ர மாணவர் மிச்சியோ குஷி பரப்பின முறையில, வேணுமெண்டா கிழமைக்கு ஒண்டு ரெண்டு தரம் வெள்ளை மீன் சேர்க்கலாம். அப்ப விளைமீன் சொதிக்கு அப்பா மறுக்க வழியில்லை. நெத்தலியை முள்ளோட சாப்பிட்டா பால் விட்டதுக்குக் கல்சியமும் கிடைக்கும். சிவப்பரிசி, குரக்கன், கௌபி, முருங்கையிலையை விடாதேங்கோ. சீனியைக் குறைச்சது அதுகளும் அந்த ஏழு கிலோவும்தான், மிசோ இல்லை.

வெள்ளவத்தை_மகள்:
ரிப்போர்ட் வந்திட்டுது. பி12 138, ஆய்வுகூடத்தின்ர கீழ் எல்லையே 200. டொக்டர் ஊசி தொடங்கிட்டார். களைப்பு கொஞ்சம் பரவாயில்லை, விறைப்பு இன்னும் அப்பிடியே. அப்பா மீனுக்குச் சம்மதம், ஆனா தக்காளிக்கு இல்லையாம். அம்மா பழப்புளி விட்டுக் குழம்பு வைக்கிறா. இப்ப வீட்டில எல்லாருக்கும் சிவப்பரிசிச் சோறு, சமையலும் ஒண்டுதான்.