நாலு கம்பி ஜாஸ் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டு ஐந்து கம்பிக்குப் போகலாமா?

திருச்சி_பேஸ்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்குவயர் (ஃபெண்டரின் மலிவான பிராண்ட்) ஜாஸ் பேஸ் கிட்டார், நாலு கம்பி. ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறேன், சீசன் வந்துவிட்டால் ஒரு மெல்லிசைக் குழுவோடு திருவிழா, ரிசப்ஷன் என்று ஊர் ஊராகப் போகிறேன். என் தலைவலி ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதிதான். பாடுகிறவருக்கு அன்றைக்குத் தொண்டை எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்கோ இரண்டுக்கோ இறங்கிவிடும், கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார், எனக்கோ இருப்பதிலேயே கீழ் சுரம் தரும் ஈ கம்பிக்குக் கீழே இடமே கிடையாது. மேலே ஏறி வாசித்தால் சுரம் சரிதான், ஆனால் பாட்டுக்கு அடிப்பக்கம் காலியாகிவிடுகிறது.

அதனால் இதை விற்றுவிட்டு, மேலே 30,000 ரூபாய் வரை போட்டு, செகண்ட் ஹேண்டில், ஈ-க்கும் கீழே ஒரு பி கம்பி உள்ள ஐந்து கம்பி பேஸ் வாங்கலாம் என்று நினைக்கிறேன். இபனெஸ் எஸ்ஆர், யமஹா டிஆர்பிஎக்ஸ் இரண்டும் கண்ணில் படுகின்றன. இன்னொன்று, இந்த ஜாஸ் பேஸில் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பாகம்) பிரிட்ஜும் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாற்றியிருக்கிறேன், அதற்கு நல்ல செலவு. விற்கும்போது அந்தப் பணம் திரும்புமா? ஐந்து கம்பி வாசிப்பவர்கள், வாசித்துவிட்டு நாலுக்கே திரும்பியவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

வடபழனி_லோ_பி:

தம்பி, நான் ஐந்து கம்பி ஆள்தான், ஆனாலும் விற்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். முதலில் கையில் இருப்பதையே, வழக்கமான ஈ-ஏ-டி-ஜி சுருதிக்குப் பதில் பி-ஈ-ஏ-டி என்று கட்டிப் பாருங்கள். ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, அதில் ஜி கம்பியை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு மற்ற நாலையும் போடுவது, அவ்வளவுதான். பி கம்பி 130 கனம் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) இருக்கும், உங்கள் ஈ கம்பி அநேகமாக 105, அதனால் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) உள்ள பள்ளம் போதாது. இருக்கிற நட்டை அராவவே கூடாது, புதிதாக ஒரு நட் வெட்டிப் போட்டுக்கொண்டு பழையதை ஒரு கவரில் பத்திரமாக வையுங்கள். கம்பியைச் சுற்றி முறுக்கும் டியூனர் தூணில் 130 நுழைகிறதா என்பதையும் கம்பி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மேலே நாலைந்து சுரம் போகும். போகட்டும். சர்ச் பாட்டிலும் மெல்லிசையிலும் ஜி கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல் போகும் இடங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு சீசன் இப்படி வாசித்தால் கீழ் சி, கீழ் டி உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு தேவைப்படுகிறது என்று கைக்கே தெரிந்துவிடும். தேவை என்று உறுதியானால் தாராளமாக ஐந்து கம்பி வாங்குங்கள், அதற்கப்புறம் நாலு கம்பியைத் தொடும்போது ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது.

இரண்டு கட்டைச் சுருதி, அதாவது டி வரை இறங்கினால் போதும் என்றால் அதைவிட எளிய வழியும் உண்டு, ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர். ஈ கம்பியின் டியூனர் இருக்கும் இடத்தில் அதைப் பொருத்திவிட்டால், நெம்புகோலை ஒரு தள்ளு தள்ளினால் ஈ டி-ஆக இறங்கும், திரும்பத் தள்ளினால் மறுபடி ஈ. பாட்டுக்கு நடுவிலேயே செய்யலாம். டியூனர் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

கம்பி_மேஸ்திரி:

கோவையில் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். மேலே அண்ணன் சொன்ன பி-ஈ-ஏ-டி நல்ல யோசனை. செய்தால் ஆக்‌ஷனையும் இன்டொனேஷனையும், அதாவது கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரத்தையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக வருகிறதா என்பதையும், திரும்பச் சரிபார்க்க மறக்காதீர்கள், 130 கம்பிக்கு, பிரிட்ஜில் அது உட்காரும் சேடில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

செகண்ட் ஹேண்டில் ஐந்து கம்பி வாங்கப் போகிறவர்களுக்கு என் தரப்பு. விளம்பரத்தில் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், ஐந்து நிமிடம் போதும். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையால் ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள், வலது கையால் அதே கம்பியை நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பி ஒரு நேர்கோடு. ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. துளிகூட இல்லை என்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது, இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் முன்பக்கம். இரண்டுமே நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் ராட் திரும்ப வேண்டுமே. விற்பவர் முன்னாலேயே ஆலன் கீ போட்டுக் கால் சுற்று திருகச் சொல்லுங்கள். இறுகிப்போய் அசையவில்லை என்றாலோ, அவர் திருகவே விடவில்லை என்றாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நிதானமாக வாசியுங்கள், ஆம்ப் இல்லாமல். ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழு வரை ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போவது ஃபெண்டர் பாணி பேஸ்களில் சாதாரணம், அது மரத்தின் சுபாவம், செட்டப் செய்தாலும் போகாது. உங்களுக்கு அந்த சுரம் முக்கியமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பி கம்பி கணீரென்று நிற்கிறதா, கயிறு மாதிரி தொளதொளவென்று இருக்கிறதா, இதுதான் ஐந்து கம்பியில் முதல் கேள்வி. சிலர் 35 அங்குல ஸ்கேல் (இங்கே நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) இருந்தால்தான் பி சரியாக இருக்கும் என்பார்கள். நீளம் உதவும்தான், ஆனால் நெக் எவ்வளவு கெட்டியாகப் பொருந்தியிருக்கிறது, கம்பி எந்த செட் என்பதையும் பொறுத்தது. 34 அங்குலத்திலேயே அருமையான பி கேட்டிருக்கிறேன்.

பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் என்றால் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் செருகி இருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், பேட்டரி இல்லாமல் ஓடவைக்கும் பாசிவ் சுவிட்ச் இல்லாத பேஸில் பேட்டரி போனால் மேடையில் சத்தமே வராது.

சின்னக்கை:

யாரும் கையைப் பற்றிப் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன். தம்பி, ஜாஸ் பேஸ் நட்டின் அகலம் 38 மில்லிமீட்டர், ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் வழக்கமாக 41, 42 வரும், ஐந்து கம்பி 45-ஐ ஒட்டி இருக்கும். காகிதத்தில் பார்த்தால் சின்ன வித்தியாசம், முதல் ஃப்ரெட்டில் இரண்டு மணி நேரம் கையை வைத்திருந்தால் மணிக்கட்டு சொல்லும். என் கை சின்னது, மணிக்கட்டு வலி வந்து டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, அதற்கப்புறம் 30 அங்குல ஷார்ட் ஸ்கேலுக்கு மாறினேன். இப்போது வலி இல்லை.

ஷார்ட் ஸ்கேல் என்றாலே குழந்தைகளுக்கானது என்று கடையில் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வரும். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தானே. 1972-ல் திருட்டுப் போன அந்த பேஸ் ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத் திரும்பக் கிடைத்த செய்தி 2024-ல் வந்தபோது உலகமே கொண்டாடியது.

எடையையும் கட்டாயம் பாருங்கள். விற்பவரிடம் எத்தனை கிலோ என்று கேளுங்கள், தெரியாது என்றால் பாத்ரூம் எடைமெஷினில் பேஸோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாலரைக் கிலோவைத் தாண்டினால் திருவிழாக் கச்சேரிக்கு யோசிக்க வேண்டும், அங்கே இடைவேளை எங்கே கொடுக்கிறார்கள். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள், தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால் அதை இடது கை தாங்கிக்கொண்டே இருக்கும்.

பிரிசிஷன்_போதும்:

எல்லோரும் ஐந்தாவது கம்பியை எப்படி வாங்குவது என்றே பேசுகிறீர்கள், அது எதற்கு என்று நான் கேட்கிறேன். ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், பி 31. திருவிழா மேடையில் நிற்கும் ஸ்பீக்கர் பாக்ஸ்களில் எத்தனை 31-ஐ உண்மையாகத் தரும்? நமக்குக் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் அதிர்வுகள்தான், மிச்சத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. அதோடு கீபோர்டுக்காரரின் இடது கை. நீங்கள் வாசிக்கும் அதே இடத்தில் அவரும் கீழே பேஸ் சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தால் பத்துக் கம்பி இருந்தாலும் குழம்பித்தான் போகும். அவரிடம் உட்கார்ந்து பேசி இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே எடுக்கச் சொல்லுங்கள், பைசா செலவில்லாமல் உங்கள் ஈ கம்பி இரட்டிப்பாகக் கேட்கும்.

பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ராய்ட்டில் மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனிக்காக 60-களில் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு 1962 பிரிசிஷனில். நாலு கம்பி, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், ஆக்‌ஷன் உயரம், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு பேஸ் கலைஞர் கரோல் கே, பிக் என்ற மீட்டும் வில்லை வைத்து வாசித்தார், அதுவும் நாலு கம்பிதான். நம் ஊரில் இளையராஜா பாடல்களின் பேஸை இயர்போன் போட்டுக் கேளுங்கள், மனதில் நிற்பது எவ்வளவு கீழே போனது என்பதா, எங்கே நிறுத்தி எங்கே நகர்ந்தது என்பதா?

மேடையில் பிரிசிஷனுக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. 1957-லிருந்து அதில் இரண்டாகப் பிரித்த பிக்கப், ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். எர்த் சரியில்லாத பந்தலில், பக்கத்திலேயே சீரியல் செட் லைட் ஓடும்போது இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள ஜாஸ் பேஸில் ஒன்றை மட்டும் குறைத்தால் உம்மென்று இரையும், பிரிசிஷனில் அது இல்லை. திருச்சி நண்பரே, நீங்கள் இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்தே வையுங்கள், இரைச்சல் பெரிதும் அடங்கும். உங்கள் புது பிக்கப்புகள் ஒரே செட்டாக இருந்தால் அநேகமாக இது வேலை செய்யும்.

கம்பியும் சொல்லிவிடுகிறேன். நம் வெயிலில் வியர்வை பட்டால் சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி சீக்கிரமே மந்தமாகிவிடும். ஃப்ளாட்வவுண்ட் விலை அதிகம், ஆனால் வருஷக்கணக்கில் கிடக்கும், ஃப்ரெட்டும் அவ்வளவு தேயாது. கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர் என்றால் மட்டும் வேண்டாம்.

திருச்சி_பேஸ்:

எல்லோருக்கும் நன்றி. பி-ஈ-ஏ-டி யோசனை இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கீபோர்டு அண்ணனிடமும் பேசுகிறேன், அவர் இடது கை உண்மையிலேயே ரொம்பக் கீழேதான் இருக்கிறது. ஆனால் ஒருவேளை விற்பதாக முடிவானால், பிக்கப், பிரிட்ஜ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பழைய பாகங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

கம்பி_மேஸ்திரி:

பழைய பாகங்கள் இருக்கின்றன என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை. மாற்றிப் போட்டதற்கான பணத்தை வாங்குபவர் தர மாட்டார், அவருக்கு அது ஸ்குவயர் ஜாஸ் பேஸ், அந்த விலையைத்தான் மனதில் வைத்திருப்பார். சிலர் பிரித்து வேலை செய்த பேஸ் என்று விலையை இன்னும் குறைக்கவும் பார்ப்பார்கள். பழைய பிக்கப்பையும் பிரிட்ஜையும் திரும்பப் போட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே விற்றுவிடுங்கள், புது பாகங்களைத் தனியாக விற்றால் ஓரளவு நியாயமான விலை கிடைக்கும். சாலிடரிங் நீங்களே செய்வதானால் பழைய ஒயர் எது எங்கே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிரிட்ஜ் மாற்றும்போது புதுத் துளை போட்டிருந்தால் அதை மறைக்காமல் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

போட்டோவில் சீரியல் நம்பர், நெக் சேரும் இடம், ஃப்ரெட் தேய்மானம், அடிபட்ட இடம் எல்லாம் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். வாங்குபவர் வரும்முன் பழைய கம்பியைக் கழற்றி ஒரு மலிவான புது செட் போட்டு, ஆக்‌ஷன் சரிசெய்து வையுங்கள்.

வடபழனி_லோ_பி:

இதோடு ஒன்று. வாங்கும் வேலையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் விற்பனைக்குப் போடுங்கள், சீசன் நடுவில் கையில் பேஸ் இல்லாமல் நின்றால் குழுவில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். புது பேஸைக் கேட்ட விலைக்கு எடுப்பதற்கு முன், ஒரு ஞாயிறு சர்ச்சில் வாசித்துப் பார்க்க விற்பவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள், அட்வான்ஸ் கொடுத்தால் பலர் சரி என்பார்கள்.

திருச்சி_பேஸ்:

சரி அண்ணா. நட்டுக்கு எலும்பு நல்லதா, கிராஃபைட்டா? இந்த வாரமே வெட்டக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

கம்பி_மேஸ்திரி:

சோதனைக்குத்தானே, சாதாரண பிளாஸ்டிக்கே போதும். ஐந்து கம்பி செட்டைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், பள்ளத்தை அந்தக் கம்பியை வைத்தே அளந்து வெட்டச் சொல்லுங்கள்.