தேனி வீட்டார் குழு: கார்த்திக்குத் துப்பாக்கி வேண்டுமா?

[காலை 6:42] கார்த்தி: அத்தை, இங்கே அமெரிக்காவில், கென்டக்கி மாநில லூயிவிலில் வீடு மாறிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். முதல் நாளே, ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள் என்கிறார் 😄

[6:44] செல்வி அத்தை: ஐயோ, குழந்தை இருக்கிற வீட்டிலா?

[6:45] மணி மாமா: இருக்கட்டுமே. நம் ஊரில் தலைமாட்டில் அரிவாள் வைப்பதில்லையா?

[6:51] நித்யா: கார்த்தி, அது பிரியோனா டெய்லர் இருந்த ஊர்.

[6:51] செல்வி அத்தை: யாரம்மா அது?

[6:55] நித்யா: 26 வயதுப் பெண், அத்தை. மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை. 2020 மார்ச் 13, நள்ளிரவு பன்னிரண்டு நாற்பது இருக்கும். அவளும் நண்பனும் படுத்திருந்தார்கள். கதவை இடிக்கும் சத்தம். யாரது என்று கேட்டும் பதில் வரவில்லை என்கிறான் அவன். கதவு உடைந்ததும், எவனோ புகுந்துவிட்டான் என்று ஒரு முறை சுட்டான். சட்டப்படி வாங்கிய துப்பாக்கிதான். குண்டு ஒரு போலீஸ்காரர் தொடையில் பாய்ந்தது. போலீசார் சுட்டது 32 முறை. அவள் மேல் ஆறு குண்டுகள்.

[6:56] நித்யா: அப்புறம் அவனே போலீஸ் அவசர எண்ணான 911-ஐ அழைத்து, யாரோ கதவை உடைத்து அவளைச் சுட்டுவிட்டார்கள் என்று அழுதிருக்கிறான். போலீசிடமே போலீசைப் பற்றி.

[6:58] பெரியப்பா: வாரண்ட் இருந்ததா? முப்பது வருடம் கோர்ட்டில் வாரண்ட் தட்டச்சு செய்தவன் கேட்கிறேன்.

[7:01] நித்யா: இருந்தது பெரியப்பா. கதவைத் தட்டாமலே நுழையலாம் என்ற வகை. போவதற்கு முன், தட்டிவிட்டுப் போங்கள் என்று மாற்றினார்களாம். தேடிய ஆள் அவளுடைய பழைய நண்பன், அவன் அங்கே இல்லை. போதைப்பொருளும் கிடைக்கவில்லை.

[7:02] பெரியப்பா: மனுவில் என்ன எழுதினார்கள்?

[7:04] நித்யா: அந்தப் பழைய நண்பன் பெயருக்கு அவள் வீட்டில் பார்சல் வருவதாக அஞ்சல் ஆய்வாளர் உறுதி செய்தார் என்று. பொய். அதற்கு உடந்தையாக இருந்ததை ஒரு போலீஸ் அதிகாரி 2022-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்.

[7:06] பெரியப்பா: அதானே. இங்கே சோதனைக்குப் போனால் அந்தப் பகுதி ஆட்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும். எப்போதும் வந்து நிற்கிற சாட்சிகளும் உண்டு, அது வேறு கதை.

[7:07] மணி மாமா: சுட்டவர்களுக்கு என்ன ஆயிற்று?

[7:11] நித்யா: அவள் சாவுக்காக மாநில அரசு யார் மேலும் வழக்குப் போடவில்லை மாமா. ஒருவர் மட்டும் வெளியிலிருந்து ஜன்னல் வழியே 10 முறை சுட்டார், குண்டுகள் பக்கத்து வீட்டுக்குள் போயின. அங்கே ஒரு கர்ப்பிணி, ஒரு குழந்தை. சுட்ட அந்தப் போலீஸ்காரருக்கு மத்திய அரசு வழக்கில் 2025-ல் 33 மாதம் சிறை. அரசுத் தரப்பு கேட்டது ஒரே ஒரு நாள்! குடும்பத்துக்கு நகரம் 1.2 கோடி டாலர் கொடுத்தது.

[7:12] கார்த்தி: தட்டாமல் நுழையும் அந்த வாரண்டை இங்கே தடை செய்துவிட்டார்களே அக்கா.

[7:16] நித்யா: ஆமாம், 2020 ஜூனில், அவள் பெயரிலேயே சட்டம். ஆனால் மினியாபொலிஸில் 2022-ல் அமீர் லாக், 22 வயது, சோபாவில் போர்வைக்குள் தூங்கியவன். வாரண்டில் அவன் பெயரே இல்லை. கையில் உரிமத் துப்பாக்கி. போலீஸ் நுழைந்து பத்து வினாடிக்குள் சுட்டுக் கொன்றுவிட்டது. என் ஊர் அட்லாண்டாவில் 2006-ல் கேத்ரின் ஜான்ஸ்டன், 92 வயதுப் பாட்டி. அவரும் ஒரு முறைதான் சுட்டார். பதிலுக்கு 39. அப்புறம் போலீசே வீட்டில் கஞ்சாவை வைத்தது.

[7:17] கார்த்தி: மூன்று வீட்டிலும் துப்பாக்கி.

[7:19] நித்யா: அதுதான். புகுந்தவனைச் சுட உனக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, கதவை உடைக்க அவர்களுக்கும் கொடுக்கிறது. இருட்டில் யார் எவர் என்று யாருக்குத் தெரியும்?

[7:20] மணி மாமா: நிஜத் திருடன் வந்தால்?

[7:22] நித்யா: நியாயமான கேள்விதான் மாமா. துப்பாக்கி வைக்காவிட்டால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. டெட்ராய்ட்டில் 2010-ல் போலீஸ் குண்டுக்கு ஏழு வயதுக் குழந்தை சோபாவிலேயே செத்தது. அந்த வீட்டில் யாருமே சுடவில்லை.

[7:25] கார்த்தி: வாசல் விளக்கு எரியவில்லை. முதலில் அதை மாற்றுகிறேன்.

[7:26] செல்வி அத்தை: மாற்று. துப்பாக்கி வேண்டாம். என்னங்க, பக்கத்து அறையிலிருந்து அவனைத் தூண்டிவிடாதீர்கள், காபி ஆறுகிறது.