புதுப்பிப்பு: கார்பெட்டில் நாற்காலி இப்போது நன்றாக உருள்கிறது

கார்பெட் போட்ட அறையில் நாற்காலி நகரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். சக்கரத்தை மாற்றச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பழையவை 2 அங்குல நைலான் சக்கரங்கள். கார்பெட்டில் அமுங்கி நின்றுவிடும். சென்னை பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் 3 அங்குல பாலியூரித்தேன் சக்கரங்கள் வாங்கினேன். வாங்கும் முன், நாற்காலிக் காலில் செருகியிருக்கும் சக்கரத் தண்டின் விட்டத்தை அளந்துவிடுங்கள்: பெரும்பாலான நாற்காலிகளில் 11 மி.மீ., சிலவற்றில் 10. நாற்காலியைக் கவிழ்த்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பழையது டக்கென்று கழன்று வரும். அப்பா, அச்சில் எவ்வளவு தலைமுடி, கார்பெட் நூல்! கத்திரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். செலவு வேண்டாம் என்பவர்கள் முதலில் இப்படி அச்சைச் சுத்தம் செய்து பாருங்கள்.

இருக்கை கொஞ்சம் உயர்ந்துவிட்டது, லீவரில் இறக்கிக்கொண்டேன். கார்பெட்டின் மேல் போடச் சிலர் சொன்ன பிளாஸ்டிக் விரிப்பு இனித் தேவையில்லை.